கொள்கையா, வெற்றியா? - 1976-ல் அமெரிக்கப் பழமைவாதிகள் சந்தித்த சோதனை

தேர்தலில் எதிர்க்கட்சிக்காரரை எதிர்த்து வாக்களிப்பது எளிது. அதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் சொந்தக் கட்சிக்குள்ளேயே இரண்டு பேர் போட்டியிடும்போது ஒருவரைத் தேர்ந்தெடுப்பது மிகவும் கடினம். அதிலும் ஒருவர் மனதுக்குப் பிடித்தவர், மற்றவர் ஜெயிக்கக்கூடியவர் என்று நிலைமை அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

அமெரிக்காவில் குடியரசுக் கட்சியின் பழமைவாத வாக்காளர்கள் இந்தச் சிக்கலைப் பலமுறை சந்தித்திருக்கிறார்கள். அவற்றில் மிகக் கடுமையானது 1976-ஆம் ஆண்டு வந்தது. ஒரு பக்கம் பதவியில் இருந்த அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு. மறுபக்கம் முன்னாள் நடிகரும் கலிபோர்னியாவின் முன்னாள் கவர்னருமான ரொனால்ட் ரீகன். இந்தப் போட்டியில் யார் ஜெயித்தார் என்பதைவிட, அந்த வாக்காளர்கள் எப்படி யோசித்தார்கள் என்பதும் அந்த யோசனை கடைசியில் என்ன ஆனது என்பதும்தான் சுவாரசியமானவை.

பிரைமரி என்றால் என்ன?

அமெரிக்க அதிபர் தேர்தல் நவம்பர் மாதத்தில் நடக்கிறது. அதற்கு முன்பே, அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து, ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் யார் என்று முடிவு செய்தாக வேண்டும். இதை மேலிடம் முடிவு செய்து அறிவிப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் உட்கட்சித் தேர்தல் நடக்கிறது. இதற்குத்தான் பிரைமரி என்று பெயர். சில மாநிலங்களில் வாக்குச்சீட்டுக்குப் பதிலாக கட்சி உறுப்பினர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் கூட்டங்களும் உண்டு. அவை காக்கஸ் எனப்படும்.

இவற்றில் கிடைக்கும் ஆதரவைப் பொறுத்து ஒவ்வொரு வேட்பாளருக்கும் பிரதிநிதிகள் சேருவார்கள். கோடைக்காலத்தில் நடக்கும் கட்சி மாநாட்டில் பாதிக்கு மேற்பட்ட பிரதிநிதிகளின் வாக்கைப் பெறுபவரே கட்சியின் வேட்பாளர். 1976-ல் குடியரசுக் கட்சி மாநாட்டின் மொத்தப் பிரதிநிதிகள் 2,259 பேர். வெற்றிக்குத் தேவை 1,130.

எல்லா மாநிலங்களும் ஒரே நாளில் வாக்களிப்பதில்லை என்பது முக்கியமான விஷயம். முதலில் வாக்களிக்கும் நியூ ஹாம்ப்ஷயர்காரர் கையில் முழுப் பட்டியலும் இருக்கும். அந்தக் காலத்தில் கடைசியில் வாக்களித்த கலிபோர்னியாக்காரரின் முறை வரும்போது பாதிப் பேர் ஓடிப்போயிருப்பார்கள்! ஆகவே பிரைமரி வாக்காளர் தன் விருப்பத்தை மட்டும் பார்ப்பதில்லை. மற்ற மாநிலத்தவர் என்ன செய்தார்கள், இனி என்ன செய்வார்கள் என்றும் பார்க்கிறார்.

பழமைவாதி யார்?

அமெரிக்க அரசியலில் பழமைவாதி என்றால் எல்லாவற்றிலும் பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பவர் என்று பொருள் இல்லை. அன்றைய பழமைவாதிகளை மூன்று விஷயங்கள் ஒன்று சேர்த்தன. மத்திய அரசு சிறியதாக இருக்க வேண்டும், வரி குறைய வேண்டும் என்பது முதலாவது. கம்யூனிசத்தோடு, குறிப்பாக சோவியத் யூனியனோடு, விட்டுக்கொடுத்துப் போகக்கூடாது என்பது இரண்டாவது. மதம், குடும்பம் ஆகியவற்றின் பழைய மதிப்பீடுகளைக் காக்க வேண்டும் என்பது மூன்றாவது.

குடியரசுக் கட்சியில் அன்று இவர்கள் மட்டும் இல்லை. நியூயார்க் கவர்னராக இருந்த நெல்சன் ராக்ஃபெல்லர் போன்ற தாராளவாதிகளும் அதே கட்சியில் செல்வாக்கோடு இருந்தார்கள். ஆகவே பிரைமரி என்பது இரண்டு நபர்களுக்கு இடையிலான போட்டி மட்டும் அல்ல. கட்சி யாருடையது என்பதற்கான போட்டியும் கூட.

1964-ல் பட்ட சூடு

சூடு கண்ட பூனை பாலைக் கண்டாலும் அஞ்சும் என்பார்கள். 1976-ன் பழமைவாதிகளுக்கு அந்தச் சூடு 1964-ல் பட்டது.

அந்த ஆண்டு அவர்கள் தங்கள் மனதுக்குப் பிடித்த அரிசோனா செனட்டர் பாரி கோல்ட்வாட்டரை வேட்பாளராக்கினார்கள். ஜூன் 2-ஆம் தேதி நடந்த கலிபோர்னியா பிரைமரியில் அவர் ராக்ஃபெல்லரை மிகக் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். ராக்ஃபெல்லர் முதல் மனைவியை விவாகரத்து செய்துவிட்டு 1963-ல் மறுமணம் செய்துகொண்டவர். அந்த பிரைமரிக்குச் சில நாட்கள் முன்புதான் புது மனைவிக்குக் குழந்தை பிறந்தது. மறந்துபோயிருந்த விவகாரம் சரியாக அந்த நேரத்தில் மறுபடி பேச்சானது. அதுவும் கோல்ட்வாட்டருக்கு உதவியது.

ஆனால் நவம்பரில் நடந்ததோ படுதோல்வி. ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சன் 61 சதவீத வாக்குகளைப் பெற்றார். கோல்ட்வாட்டர் வென்றது ஆறே மாநிலங்கள். ஒன்று அவருடைய சொந்த மாநிலமான அரிசோனா. மற்ற ஐந்தும் தெற்கில் இருப்பவை. அங்கே அவருக்கு ஆதரவு கிடைத்ததற்கு முக்கியக் காரணம், கறுப்பின மக்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடை செய்த 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தை அவர் எதிர்த்து வாக்களித்ததுதான்.

இந்தத் தோல்வியிலிருந்து இரண்டு விஷயங்கள் பிறந்தன. ஒன்று, "நமக்குப் பிடித்தவரை நிறுத்தினால் தோற்போம்" என்ற பயம். இன்னொன்று ரொனால்ட் ரீகன்! தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, 1964 அக்டோபர் 27-ஆம் தேதி, கோல்ட்வாட்டருக்காக அவர் தொலைக்காட்சியில் ஆற்றிய உரைதான் அவரை அரசியலுக்குள் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டுகளில் கலிபோர்னியா கவர்னர் தேர்தலில் ஏறத்தாழ பத்து லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

பழமைவாதிகளின் முக்கியப் பத்திரிகையான நேஷனல் ரிவ்யூவை நடத்திவந்த வில்லியம் பக்லி, 1967-ல் ஒரு வழிமுறையைச் சொன்னார். ஜெயிக்கக்கூடியவர்களில் யார் அதிகம் வலதுசாரியோ அவரையே ஆதரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கேட்பதற்கு மிகவும் எளிமையான சூத்திரம். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. யார் ஜெயிக்கக்கூடியவர் என்பதை யார் சொல்வது?

தேர்தலில் நிற்காமலே வந்த அதிபர்

ஜெரால்ட் ஃபோர்டு அதிபரானது ஒரு விநோதமான கதை. 1973 அக்டோபரில் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ ஊழல் வழக்கு காரணமாகப் பதவி விலகினார். அந்த இடத்துக்கு அதிபர் நிக்சன், நாடாளுமன்றக் கீழவையில் கட்சித் தலைவராக இருந்த ஃபோர்டைக் கொண்டுவந்தார். 1974 ஆகஸ்டு 9-ஆம் தேதி வாட்டர்கேட் விவகாரத்தால் நிக்சனும் விலகினார். ஃபோர்டு அதிபரானார். அதிபர் பதவிக்கோ துணை அதிபர் பதவிக்கோ மக்களால் தேர்ந்தெடுக்கப்படாமலே அமெரிக்க அதிபரானவர் அவர் ஒருவர்தான்.

வந்த ஒரு மாதத்திலேயே நிக்சனுக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். இதனால் நாட்டு மக்களிடம் அவருடைய மதிப்பு சரிந்தது. துணை அதிபராக யாரைக் கொண்டுவந்தார் தெரியுமா? அதே நெல்சன் ராக்ஃபெல்லரை! பழமைவாதிகள் கொதித்துப்போனார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் தாங்கள் போராடித் தோற்கடித்தவர் இப்போது அதிபர் நாற்காலிக்கு ஓரடி தூரத்தில் உட்கார்ந்துவிட்டார் அல்லவா?

அடுத்தடுத்து கசப்பான சம்பவங்கள் நடந்தன. 1975 ஏப்ரல் 30-ஆம் தேதி சைகோன் வீழ்ந்தது. ஜூலையில், சோவியத் அரசால் நாடு கடத்தப்பட்ட எழுத்தாளர் சோல்செனிட்சினை வெள்ளை மாளிகையில் சந்திக்க ஃபோர்டு தவிர்த்தார். ஆகஸ்டு 1-ஆம் தேதி ஹெல்சிங்கி உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். கிழக்கு ஐரோப்பாவின் மீதான சோவியத் பிடியை இது அங்கீகரிக்கிறது என்று பழமைவாதிகள் குற்றம் சாட்டினார்கள். வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிங்கரின் சமரசக் கொள்கையே எல்லாவற்றுக்கும் காரணம் என்பது அவர்கள் கருத்து.

எதிர்ப்பைச் சமாளிக்க முடியாத நிலையில், 1976-ல் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிடப் போவதில்லை என்று 1975 நவம்பரில் ராக்ஃபெல்லர் அறிவித்தார். அதே மாதம் 20-ஆம் தேதி ரீகன் களத்தில் இறங்கினார்.

இருவரையும் எடை போட்டால்...

இது நல்லவருக்கும் கெட்டவருக்கும் நடந்த போட்டி இல்லை. ஒரு பழமைவாத வாக்காளர் தராசை எடுத்து நேர்மையாக எடை போட்டால் இரண்டு தட்டுகளிலும் சரக்கு இருந்தது.

ஃபோர்டு தாராளவாதி அல்ல. ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்த நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களில் 66-ஐ அவர் தன் ரத்து அதிகாரத்தால் தடுத்தார். அவற்றில் பல அரசுச் செலவைக் கூட்டக்கூடியவை. வாட்டர்கேட் சேற்றுக்குப் பிறகு வெள்ளை மாளிகைக்கு நேர்மையான மனிதர் என்ற பெயரைத் திரும்பக் கொண்டுவந்ததும் அவர்தான். மேலும் அவர் பதவியில் இருக்கும் அதிபர். சொந்தக் கட்சி அதிபரையே கவிழ்த்தால் நவம்பரில் எதிர்க்கட்சிக்குக் கதவைத் திறந்துவிட்டது போல் ஆகாதா?

ரீகனோ பேச்சில் அப்பழுக்கற்ற பழமைவாதி. ஆனால் கவர்னராக அவர் செய்தவை அவ்வளவு சுத்தமாக இல்லை. 1967-ல் பட்ஜெட் பற்றாக்குறையைச் சரிக்கட்ட கலிபோர்னியாவில் பெரிய அளவில் வரியை உயர்த்தினார். அதே ஆண்டு கருக்கலைப்பு விதிகளைத் தளர்த்தும் சட்டத்திலும் கையெழுத்திட்டார். வயது வேறு 65-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. "நடிகர்தானே" என்ற ஏளனமும் இருந்தது.

இதில் ஒரு பெரிய வேடிக்கை உண்டு. பழமைவாதிகளின் பழைய நாயகன் பாரி கோல்ட்வாட்டர் யாரை ஆதரித்தார்? ரீகனை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் ஆதரித்தது ஃபோர்டை! தனக்காகப் பேசி அரசியலுக்கு வந்தவரை விட்டுவிட்டுப் பதவியில் இருப்பவர் பக்கம் நின்றார். பழமைவாதிகளுக்குள்ளேயே கருத்து எவ்வளவு பிளந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தொடர் தோல்விகள்

1976 பிப்ரவரி 24-ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயரில் முதல் பிரைமரி நடந்தது. பதிவான வாக்குகள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஃபோர்டு ஜெயித்தது 2,000-க்கும் குறைவான வாக்குகளில்.

இங்கே ரீகனுக்குக் கேடு செய்தது அவருடைய பேச்சுதான். 1975-ல் சிகாகோவில் பேசும்போது, 90 பில்லியன் டாலர் மதிப்புள்ள மத்திய அரசுத் திட்டங்களை மாநிலங்களிடம் ஒப்படைக்கலாம் என்று சொல்லியிருந்தார். நியூ ஹாம்ப்ஷயரில் மாநில வருமான வரியும் கிடையாது, பொது விற்பனை வரியும் கிடையாது. திட்டங்கள் மாநிலத்தின் தலையில் விழுந்தால் செலவுக்குப் புது வரி போட வேண்டியிருக்கும் என்று ஃபோர்டு தரப்பு பிரச்சாரம் செய்தது. சிறிய அரசு வேண்டும் என்பவருக்கும், அந்தச் செலவு தன் வீட்டு வாசலுக்கு வரும்போது தயக்கம் வருகிறது. கொள்கை வேறு, பாக்கெட் வேறு!

அடுத்து மார்ச் 9-ல் புளோரிடா. ஓய்வுபெற்ற முதியவர்கள் நிறைந்த மாநிலம். முதியோர் ஓய்வூதிய நிதியைப் பற்றி ரீகன் சொன்ன கருத்துகளை ஃபோர்டு தரப்பு பிடித்துக்கொண்டது. ரீகன் தோற்றார். மார்ச் 16-ல் இல்லினாய்ஸ். ரீகன் பிறந்த மாநிலம். அங்கேயும் தோல்வி. பிரச்சாரக் குழு கடனில் மூழ்கியது. போட்டியிலிருந்து விலகிவிடும்படி கட்சிப் பிரமுகர்களிடமிருந்து நெருக்குதல் வந்தது.

இந்த இடத்தில் ஒரு சராசரிப் பழமைவாதி என்ன நினைத்திருப்பார்? மனதுக்குப் பிடித்தவர் வரிசையாகத் தோற்கிறார். இனியும் அவருக்கே வாக்களித்தால் அது வீண்தானே? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிவிடாதா? பேசாமல் ஃபோர்டுக்குப் போட்டுவிட்டுக் கட்சியை ஒன்றுபடுத்தலாமே? இப்படித்தான் பெரும்பாலும் பிரைமரிகள் முடிகின்றன. 1976-ல் அப்படி முடியவில்லை.

திருப்பம்

மார்ச் 23, வட கரோலினா. அந்த மாநிலத்தின் செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸும் அவருடைய ஆட்களும் பிரச்சாரத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். ரீகனின் அரைமணி நேர உரையை மாநிலத் தொலைக்காட்சி நிலையங்களில் ஒளிபரப்பச் செய்தார்கள். அலங்காரம் எதுவும் கிடையாது. ஒரு மனிதர் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். அவ்வளவுதான்.

ரீகன் பேசியதில் முக்கியமானது பனாமா கால்வாய் பற்றியது. கால்வாயைப் பனாமா நாட்டிடம் ஒப்படைப்பது குறித்து அமெரிக்க அரசு அப்போது பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தது. பணம் கொடுத்து வாங்கிய கால்வாயை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ரீகன் கேட்டார். வியட்நாமில் தோற்றுத் திரும்பிய ஒரு நாட்டின் காயத்தில் அந்தக் கேள்வி நேராகப் பட்டது. பிரச்சினை கால்வாயைப் பற்றியதே அல்ல, நாட்டின் தன்மானத்தைப் பற்றியது என்றே வாக்காளர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ரீகன் ஏறத்தாழ 52-க்கு 46 என்ற சதவீதக் கணக்கில் வென்றார். பதவியில் இருக்கும் அதிபருக்கு பிரைமரியில் விழுந்த பெரிய அடி அது. பிறகு மே 1-ஆம் தேதி டெக்சாஸ். அங்கே தேர்வு செய்யப்பட்ட 96 பிரதிநிதிகளும் ரீகனுக்கே! மூன்று நாட்களில் இந்தியானா, ஜார்ஜியா, அலபாமா மூன்றும் அவர் பக்கம் வந்தன. டெக்சாஸில் எந்தக் கட்சி பிரைமரியிலும் யார் வேண்டுமானாலும் வாக்களிக்கலாம் என்பதால், அதுவரை ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்துவந்த பழமைவாதிகளும் ரீகனுக்காகத் திரண்டு வந்தார்கள். எதிர்காலத்தில் தெற்கு மாநிலங்கள் எந்தப் பக்கம் சாயப்போகின்றன என்பதற்கு இது ஒரு முன்னோட்டம்.

ஃபோர்டும் சும்மா இருக்கவில்லை. மே 18-ல் சொந்த மாநிலமான மிச்சிகனில் பெரிய வெற்றி பெற்றார். ஜூன் 8-ல் கலிபோர்னியா ரீகனுக்கு, ஒஹாயோவும் நியூ ஜெர்ஸியும் ஃபோர்டுக்கு. பிரைமரிகள் எல்லாம் முடிந்தபோது யாருக்கும் 1,130 கிடைக்கவில்லை.

கொள்கைக்காரர் போட்ட கணக்கு

இனி முடிவு எந்தப் பக்கமும் உறுதியளிக்காத சில நூறு பிரதிநிதிகளின் கையில். ஃபோர்டிடம் அதிபர் பதவி என்ற ஆயுதம் இருந்தது. வெள்ளை மாளிகை விருந்துக்கு ஒரு அழைப்பு வந்தால் மாவட்டத்துக் கட்சிக்காரர் ஒருவர் மறுக்கவா போகிறார்?

பின்தங்கிய ரீகன் ஜூலை 26-ஆம் தேதி ஒரு வெடியைக் கொளுத்திப்போட்டார். தான் வேட்பாளரானால் துணை அதிபர் வேட்பாளர் பென்சில்வேனியா செனட்டர் ரிச்சர்ட் ஷ்வைக்கர் என்று மாநாட்டுக்கு முன்பே அறிவித்தார். ஷ்வைக்கர் தாராளவாதியாகப் பெயரெடுத்தவர். கிழக்கு மாநிலப் பிரதிநிதிகளை இழுக்கலாம் என்பது கணக்கு.

கணக்கு தப்பாகிப்போனது. கொள்கைக்காகவே ரீகன் பின்னால் வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். ராக்ஃபெல்லரை வைத்துக்கொண்டதற்காக ஃபோர்டைத் திட்டினோம், இப்போது இவரும் அதையே செய்கிறாரே என்று கேட்டார்கள். ரீகனுக்குச் சாதகமாக இருந்த மிசிசிப்பி மாநிலத் தலைவர் கிளார்க் ரீட் ஃபோர்டு பக்கம் சாய்ந்தார். வெற்றிக்காகக் கொள்கையை வளைத்த அந்த ஒரு தருணத்தில் ரீகன் இரண்டையும் இழந்தார்.

ஆகஸ்டு 16-ஆம் தேதி கன்சாஸ் சிட்டியில் மாநாடு கூடியது. துணை அதிபர் வேட்பாளரை ஃபோர்டும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று ரீகன் தரப்பு ஒரு விதியைக் கொண்டுவந்தது. அது 1,180-க்கு 1,069 என்று தோற்றது. மறுநாள் உண்மையான வாக்கெடுப்பு. ஃபோர்டு 1,187. ரீகன் 1,070. ஆறு மாதப் போராட்டத்தின் வித்தியாசம் 117 பேர்!

கடைசி நாள் இரவு, தன் ஏற்புரை முடிந்ததும் ஃபோர்டு ரீகனை மேடைக்கு அழைத்தார். ரீகன் கையில் குறிப்பு எதுவும் இல்லை. நூறு ஆண்டுகள் கழித்துத் திறக்கப்படும் பெட்டி ஒன்றில் வைக்க ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள் என்று தொடங்கினார். அதைப் படிக்கப்போகும் மக்கள், அணு ஆயுதப் போரிலிருந்து நாம் உலகைக் காத்தோமா இல்லையா என்பதை அறிந்திருப்பார்கள் என்ற பொருளில் சில நிமிடங்களே பேசினார். மண்டபமே உருகி நின்றது. தோற்றவரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டுமோ என்ற எண்ணம் ஜெயிக்கவைத்தவர்கள் சிலருக்கே வந்தது என்பார்கள்.

ஜெயிக்கக்கூடியவர் தோற்றார்

ஃபோர்டு பிரச்சாரத்தைத் தொடங்கியபோது கருத்துக்கணிப்பில் ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டரைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தார். இடைவெளியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்தார். ஆனால் அக்டோபர் 6-ஆம் தேதி தொலைக்காட்சி விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்! பழமைவாதிகள் ஓராண்டாக எதைச் சொல்லி அவரைக் குறை கூறினார்களோ, சரியாக அதே இடத்தில் அவரே சறுக்கினார்.

நவம்பரில் கார்ட்டர் 297 தேர்வாளர் வாக்குகள் பெற்று வென்றார். ஃபோர்டுக்கு 240. வாஷிங்டன் மாநிலத்துத் தேர்வாளர் ஒருவர் ஃபோர்டுக்குப் போட வேண்டிய வாக்கை ரீகனுக்குப் போட்டார் என்பது இந்தக் கதையின் ஒரு சிறிய குறும்பு.

ஆக, ஜெயிக்கக்கூடியவர் என்று நம்பித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தோற்றார். ரீகன் நின்றிருந்தால் வென்றிருப்பாரா? அதை யாராலும் நிரூபிக்க முடியாது. வாட்டர்கேட், நிக்சனுக்குத் தந்த மன்னிப்பு, பொருளாதார நெருக்கடி எல்லாம் அவர் தலையிலும் ஓரளவு விழுந்திருக்கும். கடுமையான உட்கட்சிப் போட்டியே ஃபோர்டைப் பலவீனப்படுத்தியது என்று சொல்பவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து

1980-ல் ரீகன் மறுபடி வந்தார். ஜனவரியில் அயோவாவில் ஜார்ஜ் புஷ்ஷிடம் தோற்றார். மார்ச் மாதத்தில் முன்னாள் அதிபர் ஃபோர்டு ஒரு நேர்காணலில், ரீகனால் பொதுத்தேர்தலில் வெல்ல முடியாது என்ற எண்ணம் பரவிவருகிறது என்று சொன்னார். அதாவது, பழைய பல்லவி மீண்டும் பாடப்பட்டது.

இந்த முறை வாக்காளர்கள் அதைக் காதில் வாங்கவில்லை. நவம்பர் 4-ஆம் தேதி ரீகன் 44 மாநிலங்களில் வென்றார். தேர்வாளர் வாக்குகள் 489. பதவியில் இருந்த கார்ட்டருக்குக் கிடைத்தது 49 மட்டுமே. பதினாறு ஆண்டுகளுக்கு முன் கோல்ட்வாட்டர் இழந்த அதே 44 என்ற எண்ணிக்கை இப்போது திரும்பி வந்தது!

பனாமா கால்வாய் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அதை ஒப்படைக்கும் ஒப்பந்தங்களில் 1977-ல் கார்ட்டர் கையெழுத்திட்டார். 1978-ல் செனட் ஏற்றுக்கொண்டது. ரீகன் எட்டு ஆண்டுகள் அதிபராக இருந்தும் அவற்றை ரத்து செய்யவில்லை. 1999 டிசம்பர் 31-ஆம் தேதி கால்வாய் முழுமையாகப் பனாமாவின் கைக்குப் போனது. வாக்காளரை உசுப்பிய விஷயமும் ஆட்சியில் நடக்கும் விஷயமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்பதற்கு இது நல்ல பாடம்.

இந்த வரலாறு சொல்வது என்ன?

"எப்போதும் மனதுக்குப் பிடித்தவருக்கே வாக்களியுங்கள்" என்று இந்த வரலாறு சொல்கிறதா? இல்லை. 1964-ஐ மறந்துவிட முடியாது. அந்தத் தோல்வி உண்மையானது. ஜான்சனுக்குக் கிடைத்த பெரும்பான்மையால்தான் பழமைவாதிகள் எதிர்த்த பல திட்டங்கள் சட்டமாயின.

அப்படியானால் "ஜெயிப்பவர் யாரோ அவருக்கே" என்கிறதா? அதுவும் இல்லை. அந்தக் கணக்கு 1976-ல் பொய்த்தது. பிற்காலத்திலும் பொய்த்தது. 2008-ல் ஜான் மெக்கெய்ன், 2012-ல் மிட் ராம்னி ஆகிய இருவரும் நடுநிலை வாக்குகளை ஈர்க்கக்கூடியவர்கள் என்றுதான் கருதப்பட்டார்கள். இருவரும் தோற்றார்கள். 2016-ல் டொனால்டு டிரம்ப் பிரைமரியில் நின்றபோது அவரால் வெல்லவே முடியாது என்று கட்சிப் பிரமுகர்கள் பலர் அடித்துச் சொன்னார்கள். அவர் வென்றார். அவர் உண்மையான பழமைவாதிதானா என்ற வாதமோ அப்போதே கட்சிக்குள் பெரிதாக நடந்தது.

யார் ஜெயிப்பார் என்பது ஊகம். யார் எதற்காக நிற்கிறார் என்பதை அவருடைய பேச்சிலும், அதைவிட முக்கியமாக அவர் ஏற்கெனவே செய்தவற்றிலும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பிரைமரி வாக்காளர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தெரிந்துகொள்ள முடிந்ததை விட்டுவிட்டு, யாருக்கும் தெரியாததை வைத்து முடிவெடுக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பிரைமரியில் போடும் வாக்கு அந்த ஆண்டோடு முடிந்துபோவதில்லை. 1976 மார்ச்சில், எல்லோரும் கைவிட்ட ஒருவருக்கு வட கரோலினாவில் வாக்களித்தவர்கள் அவரை அந்த ஆண்டு அதிபராக்கவில்லை. ஆனால் அவர்கள் அன்று ஃபோர்டு பக்கம் போயிருந்தால் ரீகன் அத்தோடு வீடு திரும்பியிருப்பார். 1980-ல் திரும்பிவர ஒரு இடமே இருந்திருக்காது. கட்சியின் திசையும் மாறியிருக்காது. அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்பதில் அமெரிக்கர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. ஆனால் திசையை மாற்றியது அந்த வாக்குகள்தான் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்வார்கள்.

அன்று அவை வீணான வாக்குகள் என்றே சொல்லப்பட்டன.